அளவறிந்த துவக்கு



களுவாஞ்சிக்குடியில் நின்று மேற்கே நோக்கினால் வாவி தெரியும்; வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்வெளி. குருமண்வெளித் துறையைக் கடந்து மண்டூர்ப் பக்கம் செல்லும் வேளாண்மைக்காரர், நெல் குடலைப் பருவத்தை எட்டியதும் இரவு உறக்கத்தை மறந்துவிடுவர். பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு வரவையை உழுது தள்ளிவிடும். யானை வந்தாலோ வயலோடு வாடியும் போகும். எனவே, காவற் பரணில் இருந்த முல்லைக்காரரின் பக்கத்தில் துவக்கு ஒன்று நெடுங்காலமாக இடம்பெற்று வந்தது. எத்தகைய துவக்கு, எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்ற வினாக்கள் வேட்டைக்காரரின் வீண் பேச்சல்ல. அவை உயிரோடு தொடர்புடையவை.

முதலில் துவக்கின் வாயளவைக் காண்போம். '12 போர்' என்ற சொல்லைக் கேளாதவர் படுவான்கரையில் இரார். அதன் பொருள் யாது? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அதுவே 12 போர். அக்குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். ஆகவே எண் குறையக் குறைய வாய் பெருகும். றைபிளுக்கு இக்கணக்கு வழக்கொழிந்து, குழலின் விட்டத்தையே அங்குலத்திலோ மில்லிமீற்றரிலோ கூறும் வழக்கம் வந்தது.

பெரிய வாய்தான் பெரிய விலங்கை வீழ்த்தும் என்று மக்கள் எண்ணியதற்குக் காரணம் உண்டு. 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், தீவின் காடுகளில் பல ஆண்டுகள் யானை வேட்டையாடினார். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் அவருக்காகச் செய்த றைபிளின் நிறை 21 இறாத்தல். அதன் கூர்ங்குண்டு 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 113 கிராம். ஒரு வேட்டுக்கு ஓர் அவுன்சு அளவு மருந்து. அக்காலத்துக் கரிமருந்து குண்டுக்கு மிகுந்த வேகம் தரவல்லதன்று. வேகத்தில் உள்ள குறையை நிறையால் ஈடுசெய்வதன்றி அவருக்கு வேறு வழியில்லை. அத்துணைப் பெரிய கருவி இருந்தும் அவர் தொலைவில் நின்று சுடுவதை நம்பவில்லை. யானையை மிக அண்மையில் அணுகித் தலையில் குறிவைப்பதையே நம்பினார்.

1884இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் போல் வியேல் புகையற்ற மருந்தை ஆக்கியதும் கணக்கு மாறிற்று. தாக்கும் ஆற்றல் குண்டின் நிறையோடு நேராகவும், வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் வளர்வது. எனவே சிறு குண்டும் வல்லமை பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவில் வேட்டையாடிய பெல் என்பவர், 7 மில்லிமீற்றர் மவுசர் றைபிளால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அவருடைய குண்டு 11 கிராம் அளவே. பேக்கருடையதில் பத்தில் ஒரு பங்கு. பெல் யானைத் தலையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்கும் இடத்தைக் கற்றவர். அவருக்குத் துணைநின்றது குழலின் பருமனன்று, அந்த அறிவே.

அடுத்தது தோட்டாவைத் தாமே அடைக்கும் தொழில். சட்டம் இடந்தரும் நாடுகளில் பலர் இதனைச் செய்வர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் விரிந்திருக்கும். அதனை அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் பெய்து, குண்டை உரிய ஆழத்தில் பொருத்துவர். நிறுக்கும் அலகு கிறெயின். ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின். மருந்து சற்றே மிகுந்தாலும் வேகம் சிறிது கூட, குழலின் உள்ளழுத்தமோ அதனினும் மிகுதியாக ஏறிவிடும். கூட்டில் மருந்தே இல்லாமற் போனால், கேப்பின் வலியால் குண்டு குழலின் நடுவில் சிக்கும். அதையறியாமல் அடுத்த வேட்டைத் தீர்த்தால் குழல் வெடிக்கும்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் இடியன் துவக்குக்குக் கரிமருந்தை முகந்து இடுவதே வழக்கம். அதே முகவையால் புகையற்ற மருந்தை முகந்து இட்டால் குழல் தாங்காது. விலங்குக்கு வைத்த குறி, வைத்தவரின் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கும் மருந்தும் வைத்திருப்பதைத் தடுப்பதன் நியாயம் இதனாலும் விளங்கும்.

இனி மீண்டும் படுவான்கரைக்கு வருவோம். அவ்வயலுக்கு ஏற்றது எது? றைபிளின் குண்டு குறி தவறினால் கிலோமீற்றர்க் கணக்கில் பறக்கும். வயலோ சமதரை, தடுக்க ஒரு குன்று இல்லை. வரம்புக்கு அப்பால் இன்னொருவரின் வாடி. அதற்கும் அப்பால் ஊர். தாழப் பறக்கும் குண்டு நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்தும் செல்லும். 12 போர் துவக்கின் எஸ்.ஜி. தோட்டாவோ, ஒன்பது பெருஞ்சன்னங்களை அண்மையில் ஒருங்கே செலுத்திப் பன்றியை வீழ்த்தும். அச்சன்னங்கள் விரைவில் வேகம் இழந்து விழும். எனவே பயிர்க்காவலுக்கு அதுவே பொருந்தும். ஆயினும் இருளில் அசைவது பன்றியா, கன்று தேடி வந்த அயலவரா என்று தெளியாமல் விசையில் விரல் வைப்பது எந்தத் துவக்காலும் பொறுக்கப்படாத குற்றம்.

யானைக்கு இச்சன்னம் வெறும் புண். அது தோலுக்குள் தங்கிச் சீழ்பிடிக்க, நோவு தாங்காத யானை முன்னிலும் மூர்க்கமாக வயலுக்கு மீளும். அதன் சினத்துக்கு இலக்காவது சுட்டவராக இருக்க வேண்டுவதில்லை. விடியலில் தோணித்துறைக்கு நடக்கும் ஏழை ஒருவராகவும் இருக்கலாம். 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலுக்குட்பட்ட அவ்விலங்குக்குத் தீப்பந்தமும் ஊர் கூடி எழுப்பும் ஓசையும் மின்வேலியுமே தக்கவை.

துவக்கைத் தேர்வோர் மூன்றை எண்ணுதல் வேண்டும்: முன்னால் நிற்பது எவ்விலங்கு, கையிலுள்ளது எவ்வளவு மருந்து, விலங்குக்குப் பின்னால் இருப்பது யார். முதல் இரண்டையும் வேட்டை நூல்கள் கற்பிக்கும். மூன்றாவதைக் கற்றவரே அளவறிந்தவர்.