துக்கத்துக்கு யார் தாளம் போடுவது? ஜான் கோல்ட்ரேனின் ‘அலபாமா’



நினைவுப் பேருரையில் இசையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் மக்களின் சாவையும் இசையையும் பிரித்துப் பேச முடியாது. இன்று ஐந்து நிமிடம் ஓடும் ஒரு ஜாஸ் பதிவை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ‘அலபாமா’. பாட்டு வரி ஏதும் கிடையாது.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரின் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்னேருக்கு 11. நான்கு கறுப்பினச் சிறுமிகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாகப் புறப்பட்டுக் கைதானது இந்தத் தேவாலயத்திலிருந்துதான். குண்டு வைத்தவர்கள் இடத்தைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில் அதே நகரில் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சரியாக 64 நாள் கழித்து, நவம்பர் 18 அன்று, நியூ ஜெர்சியில் வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கோல்ட்ரேன் தன் குழுவோடு இதைப் பதிவு செய்தார். பியானோ மெக்காய் டைனர், பாஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். ‘லைவ் அட் பேர்ட்லேண்ட்’ இசைத்தட்டில் வந்ததால் பலர் இதை மேடைக் கச்சேரி என்று நினைக்கிறார்கள். இல்லை, கூடத்தில் பதிவானதுதான்.

கேட்கத் தொடங்கினால் காலால் தாளம் போட முடியாது. அங்கே எண்ணத்தக்க தாளமே இல்லை. டைனர் பியானோவின் கீழ்க்கட்டைகளை விடாமல் அதிர வைக்கிறார். அந்த அதிர்வின் மேல் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன், ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவதுபோல, மூச்சின் நீளத்துக்கு ஏற்ப நகர்கிறது. மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய இரங்கல் உரையின் நடையைத்தான் அவர் ஊதினார் என்ற பேச்சு வெகுகாலமாக உலவுகிறது. நமக்கு அந்தச் சான்று தேவையில்லை. பேச்சுதான் என்பது காதுக்கே தெரிகிறது.

சுருதி சி மைனர். மைனர் என்றால் சோகம் என்று இசை வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது பாதிதான். இங்கே கீழே சுருதி நகராமல் நிற்கிறது. மேலே மெட்டு கரைந்து அழுவதே இல்லை. நெஞ்சை உருக்கும் வித்தை எதையும் கோல்ட்ரேன் காட்டவில்லை. நடுவில் மெதுவான ஸ்விங் வருகிறது. அப்பாடா, வழக்கமான ஜாஸுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கும்போதே அது விலகிவிடும். முதலில் கேட்ட மெட்டு திரும்புகிறது. இம்முறை எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் அடியில் உறுமுகிறது. முதலில் துயரமாகக் கேட்ட அதே மெட்டு இப்போது கோபமாகக் கேட்கிறது.

இந்தக் கோபத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ராபர்ட் சாம்ப்ளிஸ் என்ற கு கிளக்ஸ் கிளான் ஆளுக்கு 1963 அக்டோபரில் டைனமைட் வைத்திருந்த குற்றத்துக்காக 100 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. கொலைக்கு அல்ல. கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வர 1977 ஆனது. மற்ற இருவருக்கு 2001, 2002. இன்னொருவர் வழக்கே இல்லாமல் செத்துப்போனார். வெண்மணியின் 44 பேரை எண்ணிக்கொண்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பறைக்கு வருவோம். ஊரார் வீட்டுச் சாவுக்கு அடிக்க நம்மை ஏவினார்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் அடிப்பது, எங்கே நிற்பது எல்லாம் அவர்கள் சொன்னதுதான். பிணம் அவர்களுடையது, கை நம்முடையது. நம் வீட்டுச் சாவுக்கு அவர்கள் யாரும் வந்து நின்றதில்லை. ஏவலுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்களும் உண்டு, விடுதலைக்காக அதை மேடையேற்றிய தோழர்களும் உண்டு. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: நம் துக்கத்தின் கதியை யார் முடிவு செய்வது? கறுப்பின மக்களை ஆடவும் பாடவும் மட்டுமே கேட்டுப் பழகிய ஒரு நாட்டில், ஆட முடியாதபடி இசைத்தார் கோல்ட்ரேன். இதைச் சோகப் பாட்டு என்று மட்டும் எழுதும் விமர்சகர்கள் அந்த மறுப்பைக் கேட்கத் தவறுகிறார்கள் என்பது நம் கருத்து.

இனி பதிவையே ஒலிக்க விடுவோம். கைப்பேசிகளை அணைத்து வையுங்கள். பியானோ மெல்லத்தான் தொடங்கும்.