அப்பா எப்போது வருவார்?



நாமக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே கற்போர் மையத்துக்கு ஒரு பெண் வந்தார். அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். அந்தப் பெண் முதலில் தன் பெயரை எழுதக் கற்றார். பிறகு பிள்ளைகளின் பெயரை எழுதினார். மூன்றாவதாக அவர் எழுதக் கேட்டது என்ன தெரியுமா? கணவர் ஓட்டும் லாரியின் எண்!

"அவர் எந்த வண்டியில் போகிறார் என்றே எனக்குத் தெரியாது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், எந்த வண்டி என்று கேட்பார்களே! நான் என்ன சொல்வேன்?" என்றார் அவர்.

இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

உங்கள் சமையல் அறையைப் பாருங்கள். காஸ் சிலிண்டர் இருக்கும். மகாராஷ்டிரத்தில் விளைந்த வெங்காயம் இருக்கும். வடக்கே விளைந்த பருப்பு இருக்கும். இவை எப்படி வந்தன? லாரியில் வந்தன. ஒரு ஓட்டுநர் கண் விழித்து ஓட்டினார். அதனால் நம் அடுப்பு எரிகிறது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியவை லாரிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. காஸ் ஏற்றும் டேங்கர் லாரிகளும் அதிகம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வானம் பார்த்த பூமியில் விவசாயம் கைவிட்டபோது, லாரி பல குடும்பங்களுக்குக் கை கொடுத்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் இப்படி ஊர்கள் உண்டு. மொழி வேறு. வீட்டுக் கவலை ஒன்றுதான்.

லாரித் தொழிலை எப்படிக் கற்கிறார்கள்? பலரும் கிளீனராகத்தான் சேர்ந்தார்கள். வண்டி கழுவினார்கள். தார்ப்பாய் கட்டினார்கள். சக்கரம் மாற்றினார்கள். ஓட்டுநரிடம் திட்டு வாங்கித் தொழில் படித்தார்கள். இப்போது பல லாரிகளில் கிளீனர் இல்லை. ஓட்டுநர் தனியாகவே போகிறார். பேச்சுத் துணைகூட இல்லை.

நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். போகப் பல நாள். லோடு இறக்கக் காத்திருக்க வேண்டும். திரும்பி வர லோடு கிடைக்க வேண்டும். அதுவரை வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம். பலருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதோடு பேட்டா. சக்கரம் சுழன்றால் காசு வரும். சக்கரம் நின்றால் கைக்காசு கரையும். இதனால்தான் ஓட்டுநர் தூக்கத்தை விற்றுக் காசு பார்க்கிறார்.

ஆனால் தூக்கத்தைக் கடன் வைக்க முடியாது. நள்ளிரவு தாண்டி விடியும் வரை உள்ள நேரம் மிகவும் ஆபத்தானது. கண் திறந்திருக்கும், மூளை உறங்கிவிடும். தேநீரோ, புகையிலையோ, மதுவோ தூக்கத்துக்கு மாற்று ஆகாது. வண்டியை ஓரம் கட்டித் தூங்குவதுதான் மருந்து.

1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று அது சொன்னது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இது சேர்க்கப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சாலைக்குக் கொண்டு வருவது யார்? தொழிலாளர்கள் சேர்ந்து கேட்டால்தான் வரும்.

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த வரிச் சோதனைச் சாவடிகள் பல எடுக்கப்பட்டன. காத்திருக்கும் நேரம் குறைந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் இருக்கும் இடத்துக்கு ஏ.சி. வசதி வேண்டும் என்று விதி வந்துள்ளது. பழைய வண்டிகளில் எஞ்சின் சூட்டில் வெந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம்.

ஓட்டுநரின் மனைவி என்ன செய்கிறார்? ரேஷன் கடைக்குப் போகிறார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறார். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். கடன்காரருக்குப் பதில் சொல்கிறார். அவரே அம்மா, அவரே அப்பா. இருபது நாள் கழித்துக் கணவர் வருகிறார். சின்னக் குழந்தை அப்பாவைப் பார்த்து அழுகிறது. அம்மாவின் முந்தானையில் ஒளிகிறது. அது அழும்போது அப்பாவின் மனம் என்ன பாடுபடும்! குழந்தை பழகுவதற்குள் அடுத்த லோடு வந்துவிடுகிறது.

வந்த இரண்டு நாளில் கணவர் அதட்டிப் பேசினால் வீடு கசக்கும். இருபது நாள் வீட்டை நடத்தியவர் மனைவி. அவரைக் கேட்டு முடிவு செய்வதில் என்ன குறைவு? கணவர் ஊரில் இல்லை என்று மனைவியைப் பற்றிக் கதை பேசுவோரும் உண்டு. அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கக் கூடாது.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் பேச வேண்டும். அது எச்.ஐ.வி. நெடுநாள் வெளியூரில் இருப்பவர் வழி தவறினால், நோய் வீடு வரைக்கும் வரும். ஒன்றும் அறியாத மனைவிக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் தொற்றலாம். ஆணுறை பாதுகாப்புத் தரும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். தொற்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஏ.ஆர்.டி. மாத்திரையும் இலவசம். விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் நலமாக வாழலாம். தாய் மாத்திரை சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் தடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணில் கேட்கலாம். ஒட்டுவார் ஒட்டி நோய் போல இது தொட்டால் ஒட்டாது. நோயாளியை ஒதுக்குவது பாவம்.

இப்போது எழுத்துக்கு வருவோம்.

லாரி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019இல் அது நீக்கப்பட்டது. படிக்காத பலருக்கு வழி திறந்தது, நல்லதுதான். ஆனால் விதி போனாலும் எழுத்தின் தேவை போகவில்லை. சாலைப் பலகையைப் படிக்க வேண்டும். எடைச் சீட்டைப் படிக்க வேண்டும். கணக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நட்டம் யாருக்கு?

வீட்டில் உள்ளவருக்கு எழுத்து இன்னும் தேவை. ஓட்டுநர் வேலையில் இருக்கும்போது விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1923ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது உள்ளது. ஆனால் "அவர் என்னிடம் வேலை செய்யவில்லை" என்று முதலாளி சொல்லிவிட்டால்? பல ஓட்டுநர்களுக்கு வேலை உத்தரவே கிடையாது. அப்போது ஒரு துண்டுச் சீட்டுதான் பேசும். பேட்டா கொடுத்த சீட்டு, லோடு ஏற்றிய ரசீது, வங்கியில் பணம் வந்த வரி, இவைதான் சாட்சி.

ஆகவே ஒரு தகரப் பெட்டியோ, துணிப் பையோ எடுங்கள். அதில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

ஓட்டுநர் உரிமத்தின் நகல்.
வண்டியின் எண், ஆர்.சி. புத்தகத்தின் நகல்.
வண்டி இன்சூரன்சின் நகல்.
முதலாளியின் பெயர், முகவரி, போன் எண்.
பேட்டா சீட்டும் கணக்குச் சீட்டும்.

விபத்து நடந்தால் 108க்குப் போன் செய்யலாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உதவும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் கொடுப்பது நல்லது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வெற்றுத் தாளில் மட்டும் கைநாட்டோ, கையெழுத்தோ வைக்கக் கூடாது.

விபத்தைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்பார்கள். குடை எடுத்துப் போனால் மழை வருமா? வந்தால் நனையாமல் இருக்கலாம். அவ்வளவுதான்.

முதலில் சொன்ன அந்தப் பெண் என்ன செய்தார்? லாரி எண்ணை வாசல் கதவுக்குப் பக்கத்தில் கரித்துண்டால் எழுதி வைத்தார். கணவர் வந்து பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து வெளியூரிலிருந்து போன் வந்தது.

"வண்டி மாத்திட்டாங்க. புது நம்பர் சொல்றேன், எழுதிக்க" என்றார் கணவர்.

அந்தப் பெண் கரித்துண்டைத் தேடினார்.

நண்பர்களே! உங்கள் வீட்டு ஓட்டுநர் இன்று எந்த வண்டியில் இருக்கிறார்? தெரியாவிட்டால் இன்று இரவே கேட்டு எழுதி வையுங்கள்.