புகைத் தடைச் சட்டமும் கட்சிக் கணக்குகளும்

2015-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியா எங்கும் வேப் கடைகள் பெருகின. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் ஜொகூர், சிகாமட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் ம.இ.கா. தலைவருமான டாக்டர் சுப்பிரமணியம். தோல் நோய் மருத்துவரான அவரது அமைச்சு கடுமையான கட்டுப்பாட்டை விரும்பியது. அதே அமைச்சரவையில் இருந்த இஸ்மாயில் சப்ரி யாக்கோப், பூமிபுத்ரா சிறுதொழில் முனைவோருக்கு இது நல்ல வருமானம் என்று வேப் வணிகத்துக்கு ஆதரவாகப் பேசினார். நாடு தழுவிய தடை வரவில்லை.

ஜொகூர் காத்திருக்கவில்லை. சுல்தான் இப்ராஹிமின் ஆணைப்படி 2016 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் வேப் கடைகளுக்கு இடமில்லை என்றானது. சுகாதாரம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆனால் கடை உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றங்கள், அவையோ மாநிலத்தின் பொறுப்பு. அந்த வழியில்தான் நாடாளுமன்றம் கூடாமலேயே தடை வந்தது. அதற்கு எல்லையும் உண்டு. உரிமம் கடையைத்தான் கட்டுப்படுத்தும். வெளியூரிலிருந்து பொட்டலமாக வந்து சேரும் சரக்கை அது தொடாது.

2022 ஜூலையில் சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் துணிச்சலான மசோதா ஒன்றைத் தாக்கல் செய்தார். 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ எந்த வயதிலும் விற்கக் கூடாது என்ற தலைமுறைத் தடையே அதன் உயிர்நாடி. அன்றைய பிரதமர் அதே இஸ்மாயில் சப்ரி. இளையோரைச் சோதனையிடும் அதிகாரம் குறித்து இரு தரப்பிலும் ஐயம் எழ, மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்தது. மசோதாவும் அதோடு போயிற்று.

புதிய அரசில் சுகாதார அமைச்சரான டாக்டர் சலிஹா முஸ்தபாவும் சிகாமட் வட்டாரத்தவரே. செக்கிஜாங் தொகுதி உறுப்பினர். வேப் திரவத்துக்கு வரி விதிக்க வசதியாக, 2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் முதல் மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. மாற்றுச் சட்டம் வருவதற்கு முன்பே பூட்டைத் திறந்துவிட்டது பெரும் பிழை. பள்ளி மாணவன் சிகரெட் கேட்டால் கடைக்காரர் மறுத்தாக வேண்டும்; நிக்கோட்டின் வேப் கேட்டால் மறுக்கச் சொல்லக் கூட்டரசுச் சட்டம் ஏதும் அப்போது இல்லை. ஒன்றரை ஆண்டு இந்நிலையே நீடித்தது.

அதே 2023 ஜூனில் தலைமுறைத் தடையுடன் மீண்டும் தாக்கலான மசோதா, நவம்பரில் அது இல்லாமல் வந்தது. பிறந்த ஆண்டை வைத்து மக்களைப் பிரிப்பது, சமத்துவம் பேசும் அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவுக்கு முரணானது எனச் சட்டத்துறைத் தலைவர் கருதியதே அரசு சொன்ன காரணம். வயது வரம்பு வைக்கும் சட்டங்கள் நாட்டில் ஏராளம். இதை நீதிமன்றம் தீர்மானிக்க விட்டிருக்கலாம். எதிர்க்கட்சியினர் சாடினர், ஆளும் தரப்பு உறுப்பினர்களிடமும் ஏமாற்றம் தெரிந்தது. ஆயினும் நவம்பர் 30-இல் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. அடுத்த மாத அமைச்சரவை மாற்றத்தில் பொறுப்பு டாக்டர் சுல்கிப்ளி அகமதுவிடம் சென்றது. இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய நியூசிலாந்தும் ஆட்சி மாறியதும், 2024-இல் அதைக் கைவிட்டது.

மலேசியாவில் நிறைவேறிய அந்த மசோதா, 852-ஆவது சட்டமாக 2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்டோருக்குச் சிகரெட்டும் வேப்பும் விற்பது குற்றம், விளம்பரத்துக்கும் தடை. ஆனால் பெரியவர்களுக்கு வேப் விற்பதை அது தடுக்கவில்லை. பாஸ் கட்சி ஆளும் திரெங்கானு மாநிலம் 2025 ஆகஸ்டு முதல் ஜொகூரின் வழியில் வேப் விற்பனையைத் தடை செய்தது.