நாற்காலியை விடுங்கள், துண்டை எடுங்கள்



பண்டிகை மேடையில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் ‘தேவ ஊழியத்தில் நம் மனப்பான்மை’ என்ற தலைப்பைக் கொடுத்து, திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் நெருங்குகிற நேரத்தில் என்னை இங்கே ஏற்றியிருக்கிறீர்கள். எந்த வீட்டு மாடியில் எந்த அணி கூடுகிறது, யார் யாருக்கு எத்தனை வாக்கு எண்ணி வைத்திருக்கிறார்கள், எந்த வகையறாவை எந்த வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்பதெல்லாம் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே தாழ்மையைப் பற்றிப் பொதுவாகப் பேசிவிட்டுப் போனால், ஆண்டவருடைய மேடையில் நின்று நான் பொய் சொன்னவனாவேன்.

ஆண்டவருக்குச் செய்கிற வேலையில் நமக்கு எந்த உரிமையும் கிடையாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஆனால் நாமோ பட்டா வாங்கிய நிலம் போல அதன்மேல் உரிமை கொண்டாடுகிறோம். அப்பா கமிட்டியில் இருந்தார், அதனால் மகன் இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம், அதனால் அதில் எங்கள் தாத்தா பெயர் இருக்க வேண்டும். பதவி கிடைக்காவிட்டால் வழக்கு. ஓய்வுபெற்ற நீதிபதியை நீதிமன்றம் அனுப்பி, அவர் வந்து சபையின் தேர்தலை நடத்தித் தருகிற அளவுக்குத் தமிழ்நாட்டுத் திருச்சபை போய்விட்டதே, இதைவிட வெட்கம் உண்டா? நற்கருணை மேசைக்கு முன்னால் தீர்க்க முடியாத எதை நாம் நீதிமன்றக் கூண்டில் ஏறித் தீர்த்துவிடப் போகிறோம்?

இது புது வியாதி அல்ல. செபெதேயுவின் குமாரர் இருவரும் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டார்கள். மற்றப் பத்துப் பேரும் எரிச்சலானார்கள். ஏன் எரிச்சல்? தங்களுக்கு முன்னால் இவர்கள் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்களே என்றுதான். கடைசி இராப்போஜனத்திலும் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் அவர்களுக்குள் எழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். தண்ணீர் இருந்தது, பாத்திரம் இருந்தது, துண்டும் இருந்தது. புழுதிக் கால்களோடு பந்தியில் சாய்ந்தவர்களில் ஒருவனுக்கும் எழுந்து அதை எடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் எடுத்தவன் அன்றைக்கே சிறியவனாகிவிடுவான். பந்தியிலிருந்து எழுந்தவர் ஆண்டவர்தான். தம்மைக் காட்டிக்கொடுக்கத் தீர்மானித்துவிட்டவன் அந்த அறையில் இருக்கிறான் என்று அறிந்தே அவர் எல்லாருடைய கால்களையும் கழுவினார். அவன் காலைத் தாண்டிப் போனதாக யோவான் எழுதவில்லை. எதிர் அணிக்காரன் வீட்டுத் துக்கத்துக்குப் போகாத சபையாரே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

நம் நெல்லைச் சீமையிலேயே இதை வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத்தான் முதலில் சொல்வேன். தமிழ் கற்று, தமிழ்ச் சகோதரிகளைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொன்னவர். கேட்கக் கூட்டம் வந்தது. 1901-ல், தேவதாசியாகப் பொட்டுக் கட்டப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிறகு இன்னொரு குழந்தை, அப்புறம் கைக்குழந்தைகள். டோனாவூரில் அந்தப் பிள்ளைகளுக்கு வீடு வைத்தபோது பிரசங்கப் பயணங்கள் நின்றன. பாலைக் காய்ச்சி, துணி அலசி, காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டு இரவெல்லாம் விழித்திருந்தார். படித்து, பேசப் பழகிய ஒருவர் ஆயா வேலைக்குப் போய்விடுவதா என்ற கேள்வி அவருக்குள்ளும் எழத்தான் செய்தது. கையில் துண்டெடுத்த ஆண்டவரை நினைத்தார், கேள்வி அடங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு, ஏறக்குறைய இருபது வருஷம் அறைக்குள்ளேயே கிடந்தார். 1951-ல் மறைந்தபோது, தன் கல்லறைமேல் கல் வைக்கக்கூடாது என்பதே அவர் விருப்பம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள் பிள்ளைகள். நாமோ மின்விசிறி இறக்கையில்கூடப் பெயர் எழுதிக் கொடுக்கிறோம்.

இரண்டாமவர் நம் வெள்ளாளன்விளை மண்ணின் பிள்ளை, கிராமத்துப் போதகரின் மகன் அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டதில் முன்நின்றவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஆள், நம் காசு, நம் பொறுப்பு என்று உறுதி எடுத்த சங்கம் அது. நம் பாட்டிமார் உலையில் போடும் முன் அரிசியில் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று கலயத்தில் ஒதுக்கி வைத்த மனசுதான் இப்படிப்பட்ட வேலைகளைத் தாங்கியது. பிடி அரிசிக்கு எந்தக் கல்வெட்டில் பெயர் இருக்கிறது? அசரியா அடுத்தவரை அனுப்பிவிட்டு மேடையில் உட்காரவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் பொறுப்பைவிட்டு, 1909-ல் தாமே நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார், தெலுங்கு கற்றார். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்கள் நடுவில் வேலை செய்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஆன பிறகும் அவருடைய நாட்களைத் தின்றது மாட்டு வண்டிப் பாதைகள்தான். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், இந்திய ஊழியரைச் சமமான நண்பராக நடத்தாத மேல்நாட்டு மிஷனெரிகளை அவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தவரும் அவரே. தாழ்மையுள்ளவன் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தனக்கென்று எதுவும் வேண்டாதவனுக்குத்தான் பயமில்லாமல் பேச வரும்.

சாதிக்கு வருகிறேன். நெளியாதீர்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். நற்கருணை மேசைக்கு எல்லாரும் ஒன்றாக வர வேண்டும் என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எத்தனையோ பேர் சபையைவிட்டே வெளியேறினார்கள். இரட்சகரை விட முடிந்தது, சாதியை விட முடியவில்லை! இத்தனை காலத்துக்குப் பிறகும் குறுக்குச் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் இந்த நாட்டில் நிற்கின்றன. தேர்தல் பட்டியலைச் சாதி பார்த்துத் தயாரிக்கிறவன், அதை ஜெபத்தோடு தொடங்கினால் மட்டும் ஊழியனாகிவிடுவானா? அசரியா தன் சாதிக்காரர் ஊரில்தான் வேலை செய்வேன் என்றிருந்தால் தோர்ணக்கல் ஏது?

பணமும் அப்படித்தான். சாமுவேல் வயதான காலத்தில் இஸ்ரவேலர் எல்லாருக்கும் முன்பாக நின்று, யாருடைய மாட்டை எடுத்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானாகவே கணக்குக்கு நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களை உடன் வைத்துக்கொண்டார், ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாதென்று. அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. நம்மில் சிலர் கணக்குக் கேட்டாலே, ‘ஊழியக்காரனை நியாயந்தீர்க்காதே’ என்று சாபம் விடுகிறார்கள். சகோதரரே, அந்தச் சாபத்துக்குப் பயப்படாதீர்கள். காணிக்கைத் தட்டில் விழுவது கருப்பட்டி காய்ச்சினவள் காசு, பீடி சுற்றினவள் காசு.

நேற்று இரவு இந்தப் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? இன்றைய அசன விருந்துக்காகப் பெண்கள் பன்னிரண்டு மணி தாண்டியும் கத்தரிக்காய் நறுக்கினார்கள், விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இரண்டு பையன்கள் புகையில் கண்ணீர் வடியச் சோற்றுக் கொப்பரையை வடித்தார்கள். மத்தியானம் நீங்கள் சாப்பிட்டுக் கைகழுவிப் போன பிறகு அந்தக் கொப்பரைக்குள் இறங்கி நின்று தேய்க்கப் போகிறவர்களும் அவர்களே. அசனப் பந்தியில் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும் என்று நம் முன்னோர் வைத்தார்கள். இந்த வருஷம் மேடைக்குப் பின்னால் முக்கியஸ்தர்களுக்கென்று மேசை நாற்காலி போட்டிருக்கிறதாம். பெரியவர்களே, தயவுசெய்து அங்கே போகாதீர்கள். வந்து தரையில் உட்காருங்கள். முடிந்தால் வாளியைத் தூக்கிப் பரிமாறுங்கள்.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நீங்கள் ஒன்று கேளுங்கள்: ‘ஐயா, தோற்றாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவீர்களா? ஜெயித்தவரோடு சேர்ந்து வேலை செய்வீர்களா?’ தயங்குகிறவருக்கு வாக்களிக்காதீர்கள், அவர் உங்கள் சொந்த மாமாவாக இருந்தாலும்.

அடுத்த சேகரக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். இனி இந்த ஆலயத்தில் நன்கொடையாளர் பெயரைக் கல்லிலோ கண்ணாடியிலோ பொறிப்பதில்லை. மாத வரவுசெலவைக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்து வரிசை ஒதுக்குவதை நிறுத்தி, இறந்த வரிசைப்படிதான் அடக்கம் பண்ண வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?