ஓட்டுக் கேட்டு வராத மூன்று பேர்

தோழர்களே, சட்டம் எப்படி உருவாகிறது என்று பேசச் சொன்னீர்கள். மசோதா, விவாதம், வாக்கெடுப்பு, துணைநிலை ஆளுநர் ஒப்புதல்: பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். வாக்கெடுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே கை தூக்குவது யார்?

புதுச்சேரிப் பேரவைக்கு நாம் தேர்ந்தெடுப்பது 30 பேரை. அதில் 5 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு. அதற்கு மேல் 3 பேரை ஒன்றிய அரசே நியமிக்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினர்கள் 12 பேருக்காவது இலக்கியம், அறிவியல், கலை, சமூகசேவை என்று தகுதி உண்டு. இவர்கள் அரசு ஊழியராக இல்லாவிட்டால் போதும்!

2017இல் பாஜகவினர் மூவரை நியமித்தார்கள். காங்கிரஸ் அமைச்சரவையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும்கூட அவர்கள் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில், வரிசையாக ராஜினாமாக்கள் நடந்த பிறகு (அது தனிக்கதை), ஆளும் தரப்பில் சபாநாயகரோடு 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். நியமன உறுப்பினர் மூவரைக் கழித்தால் 11தான். நாராயணசாமி அரசு கவிழ்ந்தது.

சேரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கூடத் தேர்தல் வந்தால் இங்கே மணப்பட்டுக்கு வந்து கும்பிடுகிறார். நம்மிடம் ஓட்டு இருக்கிறது, அதனால் வருகிறார். நியமன உறுப்பினருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நமக்கான சிறப்புக்கூறு நிதி அடங்கிய பட்ஜெட்டுக்கு அவரும் கை தூக்குகிறார்.

இது நாடாளுமன்றம் போட்ட சட்டம். திருத்தவும் அங்கேதான் முடியும். மக்களவையில் நமக்கு இருப்பது ஒரே உறுப்பினர். அடுத்த முறை அந்த ஓட்டுக்காக வருகிறவரிடம் 3ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.