வேட்பாளராக நின்ற சகோதரி

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



"பெண்களும் தேர்தலும்" என்ற பொருள் பற்றிப் பேசுமாறு கிளைச் செயலாளர் பணித்தார். இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் சுமந்து, வீட்டு வேலையும் முடித்து வந்திருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்லுகிறேன்.

நம் நாட்டில் நகராண்மைக் கழகத் தேர்தல் 1951 டிசம்பர் முதல் தேதி ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நடந்தது. அந்த 1950களிலேயே கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்திற்கு நின்று வென்றவர் திருமதி தேவகி கிருஷ்ணன். நம் இனத்துப் பெண்மணி. மக்களிடம் ஓட்டுக் கேட்டுச் சபைக்குப் போகப் பெண்ணாலும் முடியும் என்று அன்றே காட்டினார்.

அந்தக் கதவு பிறகு மூடப்பட்டது. 1965இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த வேளையில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, தேர்தல் மீண்டும் வேண்டும் என்று 1968இல் அறிக்கை கொடுத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. இன்றும் ஊராட்சி மன்றத்திற்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. மாநில அரசாங்கம் ஆட்களை நியமிக்கிறது.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? சங்கத் தேர்தல் இருக்கிறது. அதில் நின்ற ஒரு சகோதரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டுபவர். நான் உத்தியோகத்தர் சங்கத்தவன். எனக்கு அங்கே ஓட்டுக் கிடையாது. அதனாலேயே ஓட்டு எண்ண என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் நின்ற காரணம் ஆயாக் கொட்டகை. கூரை ஒழுகும். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே ஆயா. கமிட்டியார் கூலி பேசினார்கள், போனஸ் பேசினார்கள். கொட்டகையைப் பேச நேரம் வந்ததேயில்லை. "கூலியைப் பேச வேண்டியதுதான். பிள்ளையை எங்கே விட்டுவிட்டு அந்தக் கூலியைச் சம்பாதிப்பது?" என்று அவர் கேட்டார்.

முன்மொழிய ஆள் கிடைக்கவில்லை. இரண்டு இரவு லயம் லயமாக நடந்தார். கடைசியில் வெளிக்காட்டு வேலை செய்யும் ஒரு பாட்டி கைநாட்டு வைத்தார். அதைப் பார்த்து இன்னொருத்தி வழிமொழிந்தாள். கணவர் தடுக்கவில்லை; ஆனால் கள்ளுக்கடையில், "உன் வீட்டில் யாரப்பா துரை?" என்று கேலி செய்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். மறுநாள் மாமியார்தான், "நீ போம்மா, சோற்றை நான் வடிக்கிறேன்" என்றார்.

ஆண்கள் கள்ளுக்கடையிலும் கோயில் மண்டபத்திலும் ஆதரவு திரட்டினார்கள். இவருக்குக் கிடைத்த மேடை ஸ்டோரில் பால் நிறுக்கும் வரிசையும் தண்ணீர்க் குழாயடியும்தான். அதுவரை அங்கே கை தூக்கித்தான் ஓட்டு. கணவனும் மண்டோரும் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெண் கை தூக்குவாள்? "சீட்டு ஓட்டு வையுங்கள்" என்று கேட்டார். நேரமாகும் என்று முணுமுணுத்தார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அவர் எடுத்த சின்னம் தொட்டில்.

ஏழு பேருக்கு இடம். அவர் எட்டாவதாக வந்தார். நாலு ஓட்டில் தோற்றார். அந்தத் தோட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சகோதரிகள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், தோழர்களே, அடுத்த மாதம் நிர்வாகத்திடம் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் ஆயாக் கொட்டகை முதலில் நின்றது! தொட்டிலுக்கு விழுந்த சீட்டுகளைக் கமிட்டியார் கண்ணால் பார்த்துவிட்டார்கள். கூரை மாறியது. இரண்டாவது ஆயா மட்டும் நான் அங்கிருந்த வரை வரவில்லை. அதைக் கேட்டு வாதாட உள்ளே ஒரு பெண் இல்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவைதாம். கமிட்டித் தேர்தலில் சீட்டு ஓட்டு இருக்கட்டும். கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வையுங்கள். பெண் வேட்பாளருக்காக அவர் கணவரிடம் போய்ப் பேசாதீர்கள், அவரிடமே பேசுங்கள்.

இன்னொன்று. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மன்றத்தில் தலைவர் நீங்கலாக 8 முதல் 24 உறுப்பினர் வரை இருக்கலாம். ஊராட்சி அனுபவமோ தொழிலில் சிறப்போ உள்ளவர்களை மட்டுமன்று, தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தக்கவர்களையும் நியமிக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. பால்வெட்டுப் பெண் அதற்குத் தகாதவள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சங்கம் பெயர் கொடுக்கட்டும். கமிட்டியில் பேசிப் பழகிய பெண்கள் இருந்தால்தானே கொடுக்கப் பெயர் இருக்கும்?

அடுத்த மாதம் இந்தக் கிளையில் மனுத்தாள் கொடுக்கிறார்கள். நிற்க நினைக்கும் சகோதரிக்கு முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். இரண்டு பேர்தான். இந்த மண்டபத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்று நம்பி அமர்கிறேன்.