முதுகலை வகுப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது

(2020 அக்டோபர் மாதம் நமது சங்கத்தின் ஜூம் கூட்டத்தில், வேதியியல் பேராசிரியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

செயலாளர் 10 நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நான் மீறினாலும் கவலை வேண்டாம், இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் தானே துண்டித்துவிடும்!

மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடியிருக்கின்றன. அன்றிலிருந்து எம்.எஸ்சி. வகுப்புகளை வீட்டிலிருந்துதான் எடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். முதுகலை மாணவர்கள் என்றால், "பெரிய பிள்ளைகள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறோம்.

பாடம் சொல்வதை ஒருவாறு சமாளித்துவிடலாம். வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி தின்கிறது. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் மாணவனுக்கு இரண்டாவது வகுப்பிலேயே தீர்ந்துவிடும். அதனால் பாடத்தைச் சிறு ஒலிப்பதிவுகளாக வாட்ஸ்அப்பில் முன்பே அனுப்பிவிடுகிறேன். நேரலையில் ஐந்து ஐந்து பேராகச் சந்தேகங்களைப் பேசுகிறோம். வகுப்பறையில் வாயே திறக்காத சிலர் இதில் நன்றாகப் பேசுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆய்வுக்கூடம்தான் ஈடுசெய்ய முடியாதது. விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் செய்முறைகளைப் பார்க்கலாம், நல்ல முயற்சிதான். ஆனால் திரையில் பொத்தானை அழுத்தினால் எதிர்பார்த்த விடை வந்துவிடும். நிஜக் குடுவையில் மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் படிகம் விழாது. அப்போது கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உள்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால், சில சமயம் கடகடவென்று விழத் தொடங்கும். எப்போது சுரண்டுவது, எப்போது பொறுப்பது என்பது பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும். வேலைக்கு எடுக்கும் மருந்து நிறுவனமும் இந்தக் கைப்பழக்கத்தைத்தான் கேட்கும். கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூட நாட்களைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று துறையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வையும் காணொலியில் நடத்தலாம் என்று யுஜிசி ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. நான்கைந்து வருட உழைப்பைத் தேர்வாளர் முன் விளக்கும் நேரத்தில் மேல்மாடியில் டிரில்லிங் மெஷின் ஓடினால் எப்படி இருக்கும்?

நம் குடியிருப்பிலும் முதுகலை, ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் அப்பாவுக்கு ஆபீஸ் மீட்டிங், தம்பிக்குப் பள்ளி வகுப்பு, பாட்டிக்கு சீரியல். அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதுகிறாள். நாமோ, "சும்மாதானே இருக்கே, பால் வாங்கிட்டு வா" என்கிறோம்.

என் கோரிக்கைகள் இரண்டு. உடைப்பு, துளையிடும் வேலைகளை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் பூட்டியே கிடக்கும் நம் சங்க ஹாலில் 6 அடி இடைவெளியில் நான்கு மேசை போட்டு, ஜன்னல்களைத் திறந்து, வைஃபை இணைப்பு கொடுங்கள். மாதக் கட்டணத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதியைப் பற்றிப் பொருளாளர் இன்றே சொல்லிவிட்டால் திங்கட்கிழமை தொடங்கிவிடலாம்.